கடலடித் தந்தியும் வேண்டாத விளைவுகளும்

மனிதன் ஆக்கிய கருவி எதுவாயினும், அது நாம் விரும்பிய பயனை மட்டும் தந்து நிற்பதில்லை. விளக்கு ஒளியோடு வெப்பத்தையும் தருகிறது. உந்துவண்டி ஓட்டத்தோடு அதிர்வையும் புகையையும் தருகிறது. வானொலிப் பெட்டி பாட்டோடு இரைச்சலையும் தருகிறது. அழைத்த விருந்தினரோடு அழையாத விருந்தினரும் வீட்டினுள் நுழைவதைப் போன்றது இது. இவ்வாறு உடன்வரும் வேண்டாத விளைவுகளைக் கண்டறிந்து குறைப்பதே பொறியியலின் பாதிப் பணி என்று கூறினும் மிகையாகாது.

வேண்டாத விளைவு ஒன்று தலைகாட்டும்போது மக்கள் இரு வகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். ஒரு சாரார், ஆற்றலைக் கூட்டி அதனை அமுக்கிவிட முயல்வர். மற்றொரு சாரார், அஃது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது என்று முதலில் ஆராய்வர். நோயையும் அதன் முதலையும் தெரிந்துகொண்ட பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை, இயந்திரத்துக்கு மருத்துவம் பார்ப்பவருக்கும் பொருந்துவதேயாகும்.

இவ்விரு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் வரலாறு கடலடித் தந்தியின் வரலாறு. அது நமக்கு அயலான வரலாறும் அன்று. அக்கம்பிக்குப் போர்வையாக அமைந்த பிசின் மலாயா, சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து சென்றது. அந்தக் கம்பியே பின்னர்ச் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்தது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கம்பிக்குக் கிடைத்த போர்வை

கம்பத்தின்மேல் கட்டிய தந்திக் கம்பிக்கு அதனைச் சூழ்ந்த காற்றே காப்பாக அமைகிறது. கம்பியைக் கடலில் இட்டாலோ, உப்பு நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலால், அனுப்பிய மின்சாரம் அக்கரை சேருமுன் கடலிற் கலந்துவிடும். எனவே, நீர் புகாததும், மின்சாரத்தைக் கடத்தாததும், வளைந்து கொடுப்பதும், உப்பு நீரில் கெடாததுமான போர்வை ஒன்று கம்பிக்குத் தேவைப்பட்டது.

மலாய்க் காடுகளில் தாபான் என்னும் மரம் வளர்கிறது. அதன் பால் உறைந்தால் கிடைப்பதே குட்டா பெர்ச்சா என்னும் பிசின். கெத்தா என்னும் மலாய்ச் சொல்லே மேனாட்டார் வாயில் குட்டா என்று திரிந்தது. வெந்நீரில் இட்டால் அது களிமண்போல் இளகும். விரும்பிய வடிவில் பிடித்து ஆறவிட்டால் அவ்வடிவிலேயே இறுகி நிற்கும். மலாய் மக்கள் அதனைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்து வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதனைக் கவனித்தார். 1843ஆம் ஆண்டில் அப்பிசின் இலண்டன் அறிஞர்களின் பார்வைக்கு வந்தது.

அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் மின்காப்புத் தன்மை வெளிப்பட்டது. செருமனியில் வெர்னர் சீமென்சு 1847இல் நிலத்தடித் தந்திக் கம்பிக்கு அதனைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1848இல் அதன் சிறப்பை எடுத்து எழுதினார். 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட முதற்கம்பி உடனே கெட்டது. இரும்புக் கவசம் பூட்டி 1851இல் இட்ட இரண்டாம் கம்பி நிலைத்து வேலை செய்தது. கடல் தாண்டிச் செய்தி அனுப்பலாம் என்ற நம்பிக்கை அன்று வேரூன்றியது.

குறிகள் கலங்கிய காரணம்

நம்பிக்கையின் பின்னாலேயே இடர்ப்பாடும் வந்தது. குட்டா பெர்ச்சா பூசி நிலத்தடியிலும் நீரடியிலும் இட்ட நீண்ட கம்பிகளில் ஒரு புதிய குறை தென்பட்டது. கம்பத்தின்மேல் செல்லும் கம்பியில் அது காணப்படவில்லை. இம்முனையில் வெட்டெனத் தட்டிய தந்திக் குறி, அம்முனையில் வெட்டென வெளிப்படவில்லை. மெல்ல மெல்ல எழுந்து, சற்று நின்று, பின்னும் மெல்லத் தேய்ந்தது. முதற்குறி தேய்ந்து முடியுமுன் அடுத்த குறி வந்து அதனோடு கலந்தது. எழுத்தின்மேல் எழுத்தை எழுதினால் படிப்பது எங்ஙனம்? விரைந்து அனுப்ப அனுப்பச் செய்தி வெறும் குழப்பமாயிற்று.

இலாட்டிமர் கிளார்க்கு என்னும் பொறியாளர் 1853இல் இதனைச் சோதித்துப் பாரடேயின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பாரடே 1854இல் அதன் காரணத்தை வெளியிட்டார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் லெய்டன் ஜாடியைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பலரும் கண்டிருப்பர். கண்ணாடிச் சுவருக்கு உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். நீரடிக் கம்பியின் அமைப்பும் அதுவே என்றார் பாரடே. உள்ளே செம்பு, நடுவே குட்டா பெர்ச்சா, புறத்தே கடல்நீர். தந்தி நிறுவனத்தார் தாம் அறியாமலே பல மைல் நீளமுள்ள லெய்டன் ஜாடியைச் செய்து கடலில் இட்டிருந்தனர்.

வயலுக்கு நீர் பாய்ச்சியவர்கள் இதனை எளிதில் உணரலாம். வறண்டு கிடக்கும் நெடிய கால்வாயின் தலைமடையைத் திறந்தவுடன் கடைமடையில் நீர் வந்துவிடுவதில்லை. வழியிலுள்ள பள்ளங்களெல்லாம் நிறைந்த பின்னரே கடைமடை ஈரம் காண்கிறது. தலைமடையை அடைத்த பிறகும் நீர் உடனே நிற்பதில்லை. பள்ளங்களில் தேங்கியது நெடுநேரம் வடிந்துகொண்டேயிருக்கும். தலைமடையை நொடிக்கொரு முறை திறந்து அடைத்தாலும், கடைமடையில் நிற்பவனுக்கு ஒரே ஒழுக்காகத்தான் தோன்றும். குறிகள் கலங்கியதும் இவ்வாறே. கம்பி முதலில் தன்னை நிரப்பிக்கொள்கிறது. பின்னர்த் தன்னை வடித்துக்கொள்கிறது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. குறியைக் கலக்கிய தேக்கம் கம்பியின் குறையால் விளைந்ததன்று. காப்பாக இட்ட போர்வையாலேயே விளைந்தது. நன்மை செய்த பொருளே தீமையையும் உடன் கொணர்ந்தது. ஆகவே அதனைத் தூக்கி எறிந்து குறையைப் போக்க வழியில்லை. வேண்டிய விளைவைக் கைவிடாமல் வேண்டாத விளைவை மட்டும் குறைப்பதே செய்யவேண்டிய பணியாயிற்று.

நீளமும் தாமதமும்

காரணம் தெரிந்தபின் அளவு தெரியவேண்டும். அதனைச் செய்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. குறியின் தாமதம் இரண்டு அளவுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது என்று 1855இல் அவர் காட்டினார். ஒன்று, செம்புக் கம்பி மின்னோட்டத்துக்குத் தரும் தடை. மற்றொன்று, போர்வை வழியே கம்பி மின்சாரத்தைத் தேக்கும் திறன்.

கம்பியின் நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்காகும். தேக்கும் திறனும் இருமடங்காகும். ஆகவே தாமதம் நான்கு மடங்காகும். 100 மைல் கம்பியில் குறி கலங்கும் நேரத்தை ஒரு பங்கு என்று கொண்டால், அதே வகைக் கம்பியை 2,000 மைலுக்கு நீட்டும்போது அது 20 பங்கன்று, 400 பங்கு. குறுகிய கடலில் வெற்றி கண்ட கம்பியை அப்படியே நீட்டி மாக்கடலைக் கடந்துவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு இக்கணக்கு பெரிய எச்சரிக்கையாக அமைந்தது.

கணக்கு எச்சரித்ததோடு நிற்கவில்லை. மருந்தையும் உடன் கூறியது. தடை குறையவேண்டுமாயின் செம்பு பருக்கவேண்டும். ஆனால் செம்பு மட்டும் பருத்தால் போர்வை அதற்கு ஒப்ப மெலிந்துவிடும். தேக்கும் திறன் மிகும். ஆகவே போர்வையும் உடன் பருக்கவேண்டும். அன்றியும், கடையில் கிடைத்த செம்பெல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதையும், தூய்மை குறைந்த செம்பு மின்சாரத்தைக் கடத்துவதில் மிகவும் பின்தங்குகிறது என்பதையும் தாம்சன் 1857இல் அளந்து காட்டினார். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றிய செம்பில் இத்துணை வேற்றுமை இருக்கும் என்று அதற்கு முன் கம்பி செய்தவர் கருதவில்லை.

ஆற்றலைக் கூட்டிய வழி

அயர்லாந்திலிருந்து நியூபவுண்டுலாந்து வரை அட்லாண்டிக் மாக்கடலின் அடியில் கம்பியிட அமைந்த நிறுவனத்துக்கு ஒயிட்ஹவுஸ் என்பவர் தலைமை மின்வல்லுநராக இருந்தார். தொழிலால் அவர் அறுவை மருத்துவர். மின்சாரத்தைத் தாமே ஆர்வத்தோடு பயின்றவர். தாம்சனின் கணக்கை அவர் ஏற்கவில்லை. அவரும் சோதனைகள் பல செய்தவரே. ஆனால் கம்பியின் முனையில் முதற்சலனம் எப்போது தோன்றுகிறது என்பதிலேயே அவர் கருத்துச் சென்றது. குறி எப்போது தெளிந்து முடிகிறது என்பதன்றோ படிப்பவனுக்கு வேண்டுவது! கேள்வி பிழைத்தபோது, உழைத்துப் பெற்ற விடைகளும் வழிதவறச் செய்தன.

மெலிந்த கம்பியே போதும் என்பது அவர் துணிபு. நிறுவனத்தாரும் காலத்தையும் செலவையும் கருதி அதனை விரும்பினர். 1857இல் முதல் முயற்சி கம்பி அறுந்து முடிந்தது. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் இரு கரைகளும் இணைந்தன. அக்கம்பியில் கடல்மைல் ஒன்றுக்கு 107 பவுண்டு செம்பும் 261 பவுண்டு குட்டா பெர்ச்சாவும் இருந்தன.

ஆகஸ்டு 16ஆம் நாள் விக்டோரியா பேரரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து கம்பி வழியே சென்றது. அதில் ஏறத்தாழ 100 சொற்களே இருந்தன. அவை போய்ச் சேர 16 மணி நேரமாயிற்று. நியூயார்க்கு நகரில் மக்கள் வாணவேடிக்கை விட்டு மகிழ்ந்தனர். அந்த வாணத்தால் நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றியது. கரைகளிலிருந்த தந்திப் பணியாளர்களோ, வந்த குறி எது, தேய்ந்த குறி எது என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருந்தனர்.

குறி கலங்கியபோது ஒயிட்ஹவுஸ் நாடிய வழி மின்னழுத்தத்தை உயர்த்துவது. ஐந்தடி நீளமுள்ள தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் செலுத்தினார். கடைமடையில் நீர் தெளிவாக விட்டுவிட்டு வரவில்லை என்று தலைமடையில் வெள்ளத்தைப் பெருக்கினால் கரை உடையாமல் என்ன செய்யும்? போர்வையில் முன்பே நலிந்திருந்த இடங்கள் மேலும் கெட்டன. செப்டம்பர்த் தொடக்கத்திற்குள் கம்பி பேச்சற்றுப் போயிற்று. பெரும்பொருள் கடலடியில் புதைந்தது.

தாம்சன் கொண்ட வழி இதற்கு நேர்மாறானது. அனுப்பும் ஆற்றலைக் கூட்டாமல், பெறும் கருவியின் நுண்மையைக் கூட்டினார். மயிரிழைபோன்ற பட்டு நூலில் ஒரு சிறு கண்ணாடியையும் சிறு காந்தத்தையும் தொங்கவிட்டார். கம்பியில் மிக மெல்லிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி எதிரேயுள்ள அளவுகோலின்மேல் வலமோ இடமோ நகரும். 1858ஆம் ஆண்டுக் கம்பி உயிரோடிருந்த சில வாரங்களில் பயன்தந்தது இக்கருவியே. கனடாவிலிருந்து இரு படைப்பிரிவுகள் புறப்பட வேண்டாம் என்று அக்கம்பி வழியே சென்ற ஆணை பிரிட்டிஷ் அரசுக்கு 50,000 பவுண்டு மிச்சப்படுத்தியது. கருவி பிழைத்திருந்தால் கிடைக்கக்கூடிய பயன் எத்தகையது என்பதற்கு இஃதொன்றே சான்று.

தோல்வியை ஆராய்ந்த குழு

கெட்டது இக்கம்பி மட்டுமன்று. இந்தியாவை நோக்கிச் செங்கடல் வழியே 1859-60இல் இட்ட கம்பியும் பகுதி பகுதியாகச் செயலற்றது. அரசும் நிறுவனமும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. அக்குழு பொறியாளர், மாலுமி, கம்பி செய்தோர் எனப் பலரையும் விசாரித்து 1861இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதுவரை உலகில் இட்ட 11,000 மைலுக்கு மேற்பட்ட கடலடிக் கம்பியில் ஏறத்தாழ 3,000 மைல் மட்டுமே வேலை செய்தது என்பது அக்குழு கண்ட உண்மை.

ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டு அக்குழு அமைந்துவிடவில்லை. ஒயிட்ஹவுசின் உயர்ந்த மின்னழுத்தம் தீங்கு செய்தது உண்மையே. ஆயினும் கம்பி அவசரத்தில் செய்யப்பட்டது; செம்பு சில இடங்களில் போர்வையின் நடுவே நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தது; செய்து முடித்த கம்பி வெயிலிற் கிடந்து போர்வை இளகியது; நீரில் மூழ்கவைத்து முறையாகச் சோதிக்கப்படவில்லை. இவையெல்லாம் விசாரணையில் வெளிவந்தன. வேண்டாத விளைவுக்குப் பெரும்பாலும் தனிக்காரணம் ஒன்று இருப்பதில்லை. பல சிறு பிழைகள் கைகோத்து நிற்கும். கடைசியாகத் தொட்டவன்மேல் பழி விழும்.

இன்னொரு பெருநன்மையும் இத்தோல்வியால் விளைந்தது. மின்தடையை அளக்க அப்போது எல்லாரும் ஒப்பிய அலகு இல்லை. ஒருவர் தம் கம்பியின் தடையைச் சொன்னால் மற்றவர் அதனைத் தம் கம்பியோடு ஒப்பிட இயலாது. பிரிட்டிஷ் அறிவியல் மன்றம் 1861இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. இன்று பள்ளி மாணவனும் அறிந்த ஓம் என்னும் அலகு நிலைபெற்றது அந்த முயற்சியாலேயே. பொது அளவு ஏற்பட்ட பின்னர், தொழிற்சாலையில் கம்பி மைல் மைலாகச் சோதிக்கப்பட்டது. குறையுள்ள பகுதி கடலுக்குச் செல்லுமுன் கரையிலேயே பிடிபட்டது.

1865இல் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பல் புதுக்கம்பியை ஏற்றிச் சென்றது. பாதிக்கு மேல் இட்டபின் அது அறுந்தது. 1866ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் மற்றொரு கம்பி கரை சேர்ந்தது. அறுந்த பழைய கம்பியையும் கடலடியிலிருந்து தூக்கி இணைத்து முடித்தனர். இப்புதுக்கம்பியில் கடல்மைலுக்கு 300 பவுண்டு செம்பும் 400 பவுண்டு குட்டா பெர்ச்சாவும் இருந்தன. தாம்சனின் கணக்கு சொன்ன மருந்து இதுவே.

இனி நடந்ததே சுவையானது. 1866 செப்டம்பரில் இலாட்டிமர் கிளார்க்கு இரு கம்பிகளையும் நியூபவுண்டுலாந்துக் கரையில் ஒன்றோடொன்று இணைக்கச் செய்தார். மின்சாரம் மாக்கடலைக் கடந்து சென்று மீண்டும் கடந்து திரும்பவேண்டும். அதற்கு அவர் கொண்ட மின்கலம் யாது? தையல் வேலை செய்வோர் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி விரற்சிமிழ் ஒன்று. அதில் சில துளி அமிலம். ஒரு சிறு துத்தநாகத் துண்டு. அந்த விரற்சிமிழின் மின்சாரம் கடலை இருமுறை கடந்து கிளார்க்கின் முன்னிருந்த கருவியில் குறியாகத் தோன்றியது. 2,000 வோல்ட் செய்யமுடியாததை ஒரு விரற்சிமிழ் செய்து காட்டிற்று.

எதிர்மாறான மருந்து

தந்திக்குறிகள் தெளிந்தன. ஆனால் தொலைபேசி வந்தபோது பழைய நோய் மீண்டும் தலைகாட்டியது. பேச்சொலியில் மெல்ல அதிரும் அலைகளும் விரைந்து அதிரும் அலைகளும் கலந்துள்ளன. நீண்ட கம்பியில் இவை ஒரே விரைவில் செல்வதில்லை. ஒரே அளவில் தேய்வதுமில்லை. ஆகவே அம்முனையில் சொல்லின் உருவமே திரிந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஆலிவர் ஹெவிசைடு. பல்கலைக்கழகம் காணாதவர், இளமையில் தந்திப் பணியாளராக இருந்து 1874இல் அப்பணியை விட்டவர். மின்னோட்டம் மாறும்போது அம்மாற்றத்தைக் கம்பி எதிர்க்கும் இயல்பு ஒன்று உண்டு. அதனைத் தன்தூண்டல் என்பர். அது குறிக்குத் தடை, எனவே தீமை, எனவே குறைக்கத்தக்கது என்பதே அந்நாளைய பொறியாளர் கொள்கை. ஹெவிசைடு 1887இல் இதற்கு மாறாக, தன்தூண்டலைக் கூட்டவேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். தடைக்கும் தன்தூண்டலுக்கும் உள்ள விகிதம், காப்பின் கசிவுக்கும் தேக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால், எல்லா அலைகளும் ஒரே விரைவில் செல்லும். ஒரே அளவில் தேயும். ஒலி மெலியுமேயன்றித் திரியாது என்றார்.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை உணரலாம். மெல்லிய நூலை நீரின் அடியில் உதறினால் அதில் எழும் அலை அருகிலேயே அடங்கிவிடும். கனமான கயிற்றை உதறினால் அலை தன் கனத்தால் நெடுந்தொலைவு செல்லும். கனம் சுமைதான், ஆயினும் அலையைக் காப்பதும் அக்கனமே. தன்தூண்டல் கம்பிக்கு அத்தகைய கனமாக அமைகிறது.

பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர்களுள் ஒருவராகிய வில்லியம் பிரீஸ் இக்கருத்தை வன்மையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பால் அக்கட்டுரைகளுள் ஒன்று வெளிவராமலே நின்றது. பின்னர் அமெரிக்காவில் காம்பெல், பியூப்பின் என்னும் இருவரும் 1899-1900ஆம் ஆண்டுகளில், தொலைபேசிக் கம்பியில் குறித்த இடைவெளிகளில் கம்பிச் சுருள்களை இணைத்து இதனைச் செயலாக்கும் முறையைக் கண்டனர். தொலைபேசி செல்லும் தொலைவு பெரிதும் நீண்டது. காரணத்தை அறியாதவன் தீமை என்று ஒதுக்கிய ஒன்று, காரணத்தை அறிந்தவன் கையில் மருந்தாயிற்று.

அளவுகருவி காட்டாத விளைவு

இதுவரை கூறியவை கம்பியினுள் நிகழ்ந்தவை. கம்பிக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றையும் நாம் காணவேண்டும்.

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி இடப்பட்டது. கப்பல் வழியே நாட்கணக்கில் சென்ற செய்தி ஒரே நாளில் சென்று சேர வழியேற்பட்டது. அக்கம்பியைப் போர்த்தியிருந்த குட்டா பெர்ச்சாவும் மலாய்க் காடுகளிலிருந்து இங்கிலாந்து சென்று, கம்பியாகி, மீண்டும் மலாய்க் கடலுக்கு வந்ததேயாகும்.

அப்பிசினை எடுத்த முறை யாது? நம் தோட்டத்துப் பால்மரத்தை நாள்தோறும் சீவிப் பால் எடுக்கிறோம். மரம் பல ஆண்டு நின்று பயன் தருகிறது. தாபான் மரத்தின் பாலோ அவ்வாறு ஒழுகுவதில்லை. சீவிய இடத்திலேயே விரைவில் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கொத்தி, ஊறிய பாலைத் திரட்டினர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த தாமஸ் ஆக்ஸ்லி 1847இல் இதனைக் குறித்து எழுதினார். ஒரு பிக்குல், அதாவது 133 பவுண்டு பிசினுக்குப் பத்து மரங்கள் அழிகின்றன என்பது அவர் மதிப்பீடு.

இம்மதிப்பீட்டை வைத்து 1866ஆம் ஆண்டுக் கம்பியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 1,850 கடல்மைல் நீளம். மைலுக்கு 400 பவுண்டு. ஆக 7,40,000 பவுண்டு, அதாவது 5,550 பிக்குல். மரக்கணக்கில் 55,000க்கு மேல். இஃது ஒரு கம்பிக்கு மட்டும். பின்வந்தோரின் மதிப்பீடுகளில் ஒரு மரம் தரும் பிசின் இதனினும் மிகக் குறைவு. அவ்வாறாயின் அழிந்த மரங்கள் இன்னும் பலவாகும். வெட்டிய மரத்தின் இடத்தில் மற்றொன்று முதிரப் பல்லாண்டு ஆகும். சிங்கப்பூர்த் தீவில் மரம் அருகியது. வெட்டுவோர் தீபகற்பத்துக்குச் சென்றனர். அதன்பின் சுமத்திராவுக்கும் போர்னியோவுக்கும் சென்றனர்.

தாம்சனின் மருந்து சிறந்த மருந்தே என்பதில் ஐயமில்லை. ஆனால் மைலுக்கு 261 பவுண்டாக இருந்த பிசினை 400 பவுண்டாக உயர்த்தியதும் அம்மருந்தேயாகும். கம்பியினுள் குறைந்த வேண்டாத விளைவின் ஒரு பகுதி காட்டுக்கு இடம் மாறியது என்று கூறுவது தவறாகாது. கண்ணாடியின் நுண்ணிய அசைவையும் கண்டுகொண்ட கருவி, இம்மாற்றத்தைக் காட்டவில்லை. அதனை அளக்கவேண்டும் என்று கருவி அமைத்தவர் எவரும் எண்ணவில்லை. 1885இல் டச்சு ஆட்சியினர் ஜாவாத் தீவில் அம்மரத்தைத் தோட்டப் பயிராக வளர்க்கத் தொடங்கினர். மரத்தை வெட்டாமல் இலையிலிருந்தே பிசின் எடுக்கும் முறையும் பின்னர் வந்தது. 1933இல் இங்கிலாந்தில் கண்ட பாலித்தீன் கடலடிக் கம்பியின் போர்வையாக இடம்பிடித்தபின், 1956இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பி பாலித்தீன் போர்த்தே சென்றது.

நோய் மீண்டும் வரும்

மருந்தும் காலத்தால் நோயாவதுண்டு. பேச்சொலியைக் காக்கத் தொலைபேசிக் கம்பியில் இணைத்த சுருள்கள், பேச்சைவிட மிக விரைந்து அதிரும் அலைகளைத் தடுத்துவிடும். அதனால் 1990களுக்குப் பின் அதே தொலைபேசிக் கம்பியில் இணையத் தொடர்பு தர முற்பட்டபோது, பழைய சுருள்களைத் தேடித்தேடிக் கழற்ற நேர்ந்தது. முன்னோர் அவற்றை எதற்காக வைத்தனர் என்று எழுதி வைத்த ஏடே கழற்றுவோருக்கு வழிகாட்டியாயிற்று.

இன்று கடலடியில் செம்புக்கு மாறாகக் கண்ணாடி இழை செல்கிறது. 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதற்கண்ணாடி இழை வடம் தொடங்கி, இவ்வகை வடங்கள் உலகெங்கும் பரவின. சிங்கப்பூர் அத்தகைய பல வடங்கள் கூடும் துறையாக விளங்குகிறது. அவற்றில் ஓடுவது மின்னோட்டமன்று, ஒளி. ஆயினும் ஒளியின் பல நிறங்கள் கண்ணாடியில் ஒரே விரைவில் செல்வதில்லை. அனுப்பிய ஒளித்துடிப்பு நெடுந்தொலைவு சென்றபின் அகன்று, அடுத்த துடிப்போடு கலக்கிறது. 1853இல் கிளார்க்கு கண்ட நோயின் புதிய உருவமன்றோ இது! இதற்கும் ஒளியை மிகுதியாகச் செலுத்துதல் மருந்தாவதில்லை. எதிரியல்பு கொண்ட வேறு வகை இழையை இடையிடையே இணைத்து, முந்திய நிறத்தைப் பின்தங்கவும் பின்தங்கிய நிறத்தை முந்தவும் செய்கின்றனர்.

இவ்வரலாற்றில் ஆசிரியர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. வகுப்பில் மாணவன் ஒருவன் லகர ளகர ழகரங்களைக் கலந்து ஒலிக்கிறான் என்று கொள்வோம். நாம் குரலை உயர்த்திச் சரியான ஒலியைப் பத்துமுறை சொல்லுகிறோம். அவனும் உரக்கச் சொல்லுகிறான். பிழையும் உரக்க வருகிறது. மின்னழுத்தத்தை உயர்த்திய ஒயிட்ஹவுசின் வழி இதுவே. அவன் நா எங்கே தொடுகிறது, வேற்றுமை அவன் காதில் விழுகிறதா, எந்தச் சொல்லில் தவறுகிறான், எந்தச் சொல்லில் தவறுவதில்லை என்று பொறுமையாகக் குறித்துப் பார்த்தால், மெல்லிய குரலில் கூறும் ஒரு சொல்லே போதுமானதாகலாம். அவ்வாறு திருத்திய பின்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருத்தத்தால் அவன் வாய்திறந்து பேசவே அஞ்சுகிறானா என்பதே அது. மதிப்பெண் ஏட்டில் அவ்விளைவு தென்படாது. நாம்தான் தேடிக் காணவேண்டும்.